இரண்டாம் நாள் காலையில் சீட்டில் உட்கார முடியுமா?

சைக்கிளில் வெளியூர் போகிறேன் என்றதும் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் மிதிப்பீங்க?" என்பதுதான். கொஞ்சம் வீம்பும் இரண்டு பாட்டில் தண்ணீரும் இருந்தால், ஓரளவு பழக்கமுள்ள யாரும் ஒரே நாளில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். ஏறக்குறைய 150 கிலோமீட்டர். மறுநாள் காலை ஐந்து மணிக்கு அலாரம் அடிக்கும்போது அதே சீட்டில் திரும்ப உட்கார முடிகிறதா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பல நாள் பயணத்துக்கான என் தயாரிப்பு முழுக்க அந்த இரண்டாம் நாள் காலையை மனதில் வைத்துத்தான்.

நான் பேசுவது சென்னை – கன்னியாகுமரி கடற்கரைப் பாதையைப் பற்றி. மாமல்லபுரம், மரக்காணம், புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், சீர்காழி, காரைக்கால், நாகப்பட்டினம், திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, மணமேல்குடி, தொண்டி, ராமநாதபுரம், சாயல்குடி, தூத்துக்குடி, திருச்செந்தூர், உவரி என்று போகிற வழி. எங்கெங்கே ஒதுங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்து 750-லிருந்து 800 கிலோமீட்டர் வரும். மலை ஏற்றம் கிடையாது. அதனால் சுலபம் என்று நினைக்கிறார்கள். ஏற்றமே இல்லாத சாலையில் இறக்கமும் இல்லை. நாள் முழுக்கக் கால் நிற்காது, உட்கார்ந்த இடத்தை விட்டு எழவும் மாட்டோம். உடம்பு நோவதற்கு அது ஒன்றே போதும்.

முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். தெற்கே போவதாக இருந்தால் ஜனவரி, பிப்ரவரிதான். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், ஆனால் காற்று இன்னும் வடகிழக்கிலிருந்தே வீசும். முத்துப்பேட்டை தாண்டியதும் கரை தென்மேற்காகத் திரும்புகிறது. அங்கிருந்து ராமநாதபுரம் வரையிலும், பிறகு தூத்துக்குடியிலிருந்து குமரி வரையிலும் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும். இதே சாலையில் ஆடி மாதம் போய்ப் பாருங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற மேற்குக் காற்று சைக்கிளைப் பக்கவாட்டில் தூக்கிப் போடப் பார்க்கும். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளைச் சும்மாவா நட்டு வைத்திருக்கிறார்கள்? குமரியிலிருந்து கிளம்பி வடக்கே வர ஆசைப்படுகிறவர்கள் ஜனவரியைத் தவிர்ப்பது நல்லது. எதிர்காற்றில் 20 கிலோமீட்டர் வேகம் 13-க்கு இறங்கும்போது, போட்டு வைத்த திட்டமெல்லாம் காகிதத்தோடு சரி.

உடம்பைத் தயார் செய்ய எட்டிலிருந்து பத்து வாரம் வேண்டும். அலுவலக நாட்களில் இரண்டு முறை 30, 40 கிலோமீட்டர், வார இறுதியில் நீண்ட ஓட்டம். பெரும்பாலானவர்கள் சனிக்கிழமை 100 கிலோமீட்டர் போய்விட்டு ஞாயிறு முழுக்கத் தூங்குவார்கள். அதை மாற்றி சனி 60, ஞாயிறு 60 என்று அடுத்தடுத்த நாளில் மிதியுங்கள். பிறகு 70, 80 என்று கூட்டலாம். பயணத்தில் தினம் 120 கிலோமீட்டர் போக நினைத்தால், அடுத்தடுத்து இரண்டு நாள் 80 கிலோமீட்டர் அலுப்பில்லாமல் போக வந்துவிட்டாலே போதும் என்பது என் கணக்கு. மீதியைப் பயணமே கற்றுக்கொடுக்கும். ஆடாக்ஸ் இந்தியா ரேண்டனீர்ஸ் அமைப்பின் கீழ் பல ஊர்களில் நடக்கும் பிஆர்எம் என்ற நெடுந்தூர சைக்கிள் ஓட்டத்தில் 200 கிலோமீட்டருக்கு 13.5 மணி நேரம் தருகிறார்கள். அதை முடித்தவர்களுக்கு நல்ல அடித்தளம் இருக்கும். ஆனால் அதில் இரண்டாம் நாள் காலை என்று ஒன்று கிடையாது. கடைசி வாரம் மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதமாகச் செய்யாததைக் கடைசி மூன்று நாளில் ஈடுகட்ட முடியாது, கால்தான் சோர்ந்து போகும்.

இனி சீட். ஒருமுறை என்னுடன் வந்த நண்பர் தவறாமல் ஜிம்முக்குப் போகிறவர், தொடை இரண்டும் தூண் மாதிரி. புதுச்சேரி வரை அவர் முதுகைப் பார்த்துக்கொண்டேதான் நான் மிதித்தேன். மறுநாள் கடலூர் தாண்டுவதற்குள் மனிதர் நின்றுகொண்டே மிதிக்க ஆரம்பித்துவிட்டார். காரணம் சின்னது. பேட் வைத்த சைக்கிள் ஷார்ட்ஸுக்கு உள்ளே ஜட்டி போட்டிருந்தார். அந்தத் தையல் ஆயிரக்கணக்கான மிதிகளில் தோலை அறுத்துவிட்டது. பேட் ஷார்ட்ஸை வெறும் உடம்பில்தான் போட வேண்டும். கூச்சமாக இருந்தால் மேலே ஒரு தொளதொள டிரவுசர் மாட்டிக்கொள்ளலாம். இரண்டு செட் போதும். லாட்ஜுக்குப் போனதும் முதல் வேலையாகத் துவைத்து, துண்டுக்குள் வைத்து முறுக்கிப் பிழிந்து, ஃபேனுக்குக் கீழே விரித்துவிட்டால் விடிவதற்குள் காய்ந்துவிடும். காயாவிட்டால் மறுநாள் அதைப் போடாதீர்கள். ஈரமும் உப்பும் சேர்ந்தால் புண் நிச்சயம். உரசும் இடத்தில் வாசலைன் தடவிக்கொண்டு கிளம்புவது நல்லது. அவரும் பெட்டிக்கடையில் வாசலைன் வாங்கித் தடவிக்கொண்டுதான் நாகப்பட்டினம் வந்து சேர்ந்தார்.

சீட் மெத்து மெத்தென்று அகலமாக இருந்தால் வசதி என்று நினைத்து ஜெல் உறை வாங்கி மாட்டுகிறார்கள். ஒரு மணி நேரத்துக்கு அது சுகம். அதற்கு மேல் அமுங்கி, இடுப்பெலும்பு தாங்க வேண்டிய எடையைச் சுற்றியுள்ள சதை தாங்க ஆரம்பிக்கும். கொஞ்சம் கடினமாக, நம் உட்காரும் எலும்பின் அகலத்துக்குப் பொருந்துகிற சீட்தான் நீண்ட தூரத்துக்கு ஆகும். உயரத்துக்கு எளிய வழி இருக்கிறது. சுவரைப் பிடித்தபடி சீட்டில் உட்கார்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள். முழங்கால் முழுசாக நீள வேண்டும், இடுப்பு சாயக் கூடாது. மிதிக்கும்போது முன்பாதம் பெடலுக்கு வந்துவிடுவதால் முழங்காலில் தேவையான மடிப்பு தானாகக் கிடைக்கும். முட்டியின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வு, பின்பக்கம் வலித்தால் உயரம். அரை சென்டிமீட்டருக்கு மேல் ஒரே தடவையில் மாற்ற வேண்டாம். பயணத்துக்கு முந்தைய இரண்டு வாரத்தில் எதையுமே மாற்ற வேண்டாம். புது சீட், புது ஷூ, புது ஷார்ட்ஸ் எல்லாம் திரும்பி வந்து வாங்கிக்கொள்ளலாம்.

சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப் போவது இன்னொரு தொல்லை. உள்ளங்கையின் வெளிப்பக்கமாக ஓடும் நரம்பு ஹேண்டில்பாரில் அழுந்துவதால் வருவது அது. கையுறை ஓரளவு உதவும். முழங்கையை லேசாக மடக்கி வைத்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பிடியை மாற்றுவது அதைவிட உதவும். நேர் ஹேண்டில் உள்ள ஹைபிரிட் சைக்கிள் என்றால் இரண்டு முனையிலும் மாட்டுக்கொம்பு போல ஒரு சின்ன பிடி கிடைக்கிறது, வாங்கி மாட்டுங்கள். அலட்சியம் செய்தால் ஊர் திரும்பி வாரக்கணக்கில் சட்டைப் பொத்தான் போடவே சிரமப்படுவீர்கள்.

சைக்கிளுக்கு வருவோம். இந்தப் பாதைக்கு லட்ச ரூபாய் சைக்கிள் எதற்கு? உங்கள் அளவுக்குச் சரியான சட்டமும், 32 அல்லது 35 மில்லிமீட்டர் அகல டயரும், பின்னால் கேரியர் மாட்ட ஓட்டையும் இருந்தால் போதும். ஒல்லியான 25 டயரில் வேகம் கிடைக்கும் என்பார்கள். சாலை விரிவாக்க வேலை நடக்கிற இடங்களில் ஜல்லி கொட்டிக் கிடக்கும், டெல்டாவில் தை மாதத்து அறுவடை நெல்லையும் வைக்கோலையும் சாலையிலேயே காயப் போட்டிருப்பார்கள். அங்கெல்லாம் அந்த வேகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே செயினை அளந்து பாருங்கள். பள்ளிக்கூடத்து ஸ்கேல் போதும். ஒரு இணைப்பு ஆணியின் மையத்தில் பூஜ்ஜியத்தை வைத்தால், அதற்கு அடுத்ததிலிருந்து எண்ணி 24-ஆவது ஆணியின் மையம் சரியாக 12 இஞ்சில் நிற்க வேண்டும். பதினாறில் ஒரு பங்கு இஞ்ச் தள்ளி நின்றால் செயின் மாற்றும் காலம் வந்துவிட்டது. எட்டில் ஒரு பங்கு தள்ளி நின்றால் பின்னால் இருக்கும் பல்சக்கரமும் தேய்ந்திருக்கும். புது செயின் மட்டும் போட்டால் அழுத்தி மிதிக்கும்போது வழுக்கும். மாற்றியதும் ஒரு நூறு கிலோமீட்டராவது ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். பயணத்தில் தினம் மாலை பழைய துணியால் செயினைத் துடைத்து, ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு துளி எண்ணெய் விட்டு, மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள். மரக்காணம், வேதாரண்யம், தூத்துக்குடி எல்லாம் உப்பளக் காற்று. ஒரு ராத்திரியில் செயின் செம்பழுப்பாகிவிடும். அதிக எண்ணெய் விட்டாலும் ஆகாது, கடற்கரை மணல் ஒட்டிக்கொண்டு அரைக்கும்.

போக்ஸ் கம்பி உடைந்தால் பெரும்பாலும் பின் சக்கரத்தில், செயின் இருக்கும் பக்கத்தில்தான் உடையும். அந்தப் பக்கத்துக் கம்பிகளில்தான் இழுவிசை அதிகம், பை கனமும் பின்னால்தான். சரியான நீளத்தில் இரண்டு மூன்று கம்பி வாங்கிச் சட்டத்தோடு டேப் போட்டு ஒட்டி வையுங்கள். ஊர் சைக்கிள் கடையில் கோட்டம் எடுத்துத் தருவார்கள், நம் சக்கரத்துக்கான கம்பி இருக்காது. டயர் விஷயமும் அப்படித்தான். ஊர் சைக்கிளின் 28 இஞ்ச் டயரும் நம்முடைய 700சி டயரும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். ஆனால் அதன் ரிம் 635 மில்லிமீட்டர், நம்முடையது 622. டயர் பொருந்தவே பொருந்தாது. ட்யூப் மட்டும், ரிம்மில் பெரிய வால்வு ஓட்டை இருந்தால், 35 டயருக்குள் அவசரத்துக்கு அடங்கிவிடும். ஒல்லி வால்வு வைத்திருப்பவர்கள் ஒரு பித்தளை அடாப்டரைச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டு போங்கள். சில பத்து ரூபாய்ச் சாமான்தான். அது இல்லாவிட்டால் எந்த பஞ்சர் கடைக் குழாயும் உங்கள் சக்கரத்துக்கு உதவாது. பின்பக்க கியரை மாற்றும் டெரெய்லரைச் சட்டத்தோடு பிணைக்கும் சின்ன அலுமினியத் துண்டு ஒன்று இருக்கிறது, ஹேங்கர் என்பார்கள். ஒவ்வொரு மாடலுக்கும் ஒவ்வொரு வடிவம். சைக்கிள் ஒருமுறை வலப்பக்கம் சாய்ந்து விழுந்தாலே அது வளையும். அதிலும் ஒன்று உபரியாக வேண்டும்.

இனிமேல் முள். மணமேல்குடி தாண்டி ராமநாதபுரம் வரை இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம்தான். வெட்டிய விறகை வண்டியில் ஏற்றிப் போகும்போது முள் சாலையோரமெல்லாம் சிதறும். மீமிசல் தாண்டி ஒரு காலையில் நண்பரின் பின் சக்கரம் திரும்பத் திரும்ப இறங்கியது. அவரும் ஒவ்வொரு தடவையும் ட்யூபைக் கழற்றி ஒட்டுப் போட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒரு கீற்றுக் கொட்டகை சைக்கிள் கடையில் நிறுத்தினோம். கடைக்காரப் பெரியவர் ட்யூபைப் பார்த்துவிட்டு, "ஒட்டு நல்லாத்தான் போட்டிருக்கீங்க தம்பி. முள்ளை எடுத்தீங்களா?" என்றார்.

"டயருக்குள்ள கைவிட்டுத் தடவிப் பார்த்தேன் ஐயா. ஒண்ணும் தட்டுப்படலை."

"விரலுக்கு எப்படித் தெரியும்?"

பழைய தலையணையிலிருந்து கொஞ்சம் பஞ்சைப் பிய்த்து உருட்டி, டயரின் உள்பக்கம் நிதானமாக ஒரு சுற்று தேய்த்துக்கொண்டு வந்தார். ஒரு இடத்தில் பஞ்சு இழுபட்டு இரண்டு இழை அங்கேயே நின்றது. அந்த இடத்தை வெளிப்பக்கமாக மடித்துப் பிதுக்கியபோது, ஒடிந்த முள்முனை அரிசிக் குருணை அளவுக்கு வெளியே தெரிந்தது. நகவெட்டியால் பிடுங்கிப் போட்டார். பஞ்சு இன்னும் இரண்டு இடத்தில் நின்றது. அதையும் எடுத்தார். அதன்பிறகு அந்தச் சக்கரம் தூத்துக்குடி வரை இறங்கவில்லை. காசு வாங்க மாட்டேன் என்றவரிடம் டீக்கு என்று சொல்லித்தான் திணிக்க வேண்டியிருந்தது. இப்போது என் பையில் ஒட்டுப் பெட்டி, இரண்டு உபரி ட்யூப், டயர் லீவர், கைப்பம்போடு ஒரு பஞ்சு உருண்டையும் சின்ன இடுக்கியும் இருக்கின்றன. டயருக்கும் ட்யூபுக்கும் நடுவே போடுகிற பிளாஸ்டிக் பட்டையும் இந்தப் பாதைக்கு நல்ல முதலீடு.

சாப்பாட்டுக்குத் தமிழ்நாட்டுச் சாலையில் குறையில்லை. எதை எப்போது என்பதில் கொஞ்சம் கவனம் வேண்டும். காலையில் இட்லி போல ஒத்துவருவது வேறில்லை. நெய் மிதக்கும் வெண்பொங்கலைச் சாப்பிட்டுவிட்டு ஏறினால் அடுத்த பத்து கிலோமீட்டர் தூக்கத்தோடு மல்லுக்கட்டத்தான் நேரம் சரியாக இருக்கும். மணிக்கு ஒருமுறை வாழைப்பழமோ கடலைமிட்டாயோ பேரீச்சையோ உள்ளே போக வேண்டும், பசிக்கும் வரை காத்திருக்கக் கூடாது. மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் வியர்வையில் போன உப்பு திரும்பாது. மதியத்துக்கு மேல் தலைவலி, குமட்டல் என்று ஆரம்பிக்கும். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. கூடவே உப்புப் போட்ட மோரோ, ஒரு லிட்டர் தண்ணீரில் முழு பாக்கெட்டும் கரைத்த ஓஆர்எஸ் கரைசலோ வேண்டும். பாக்கெட் கிடைக்காத இடத்தில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டையும் தலை தட்டி அளந்து போடுங்கள். உப்பை அதற்கு மேல் கூட்டக் கூடாது. சிறுநீர் அடர் மஞ்சளாக இருந்தால் அன்றைய கணக்கில் தண்ணீர் குறைகிறது என்று அர்த்தம். ரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்கள் இதையெல்லாம் தங்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

விடிவதற்கு முன் கிளம்பி பத்தரைக்குள் பாதித் தூரத்துக்கு மேல் முடித்துவிடுவது, மதியம் தயிர்சாதத்தோடு ஏதாவது மரத்தடியில் ஒரு மணி நேரம் படுப்பது, வெயில் தாழ்ந்ததும் மீதி. இதுதான் என் ஒழுங்கு. தை மாதத்தில் ஆறரை வரை இருட்டு, டெல்டாவில் பனிமூட்டம் வேறு. அதனால் பின்னால் சிவப்பு விளக்கு ஒன்றுக்கு இரண்டாக, முன்னால் நல்ல வெளிச்சம், தலைக்கவசம். ஹேண்டிலில் ஒரு சின்ன கண்ணாடியும் மாட்டுங்கள். பின்னால் வரும் அரசுப் பேருந்தையும் மீன் லாரியையும் திரும்பிப் பார்க்காமல் தெரிந்துகொள்ள அதுதான் வழி. விடியற்காலை நாய்கள் துரத்தினால் வேகமெடுக்காதீர்கள். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு, அதட்டியபடி பத்தடி நடந்தால் பெரும்பாலும் ஆர்வம் போய்விடும்.

பையை முதுகில் மாட்டிக்கொண்டு போகவே கூடாது. அந்தக் கனமெல்லாம் உள்ளங்கையிலும் சீட்டிலும்தான் இறங்கும். கேரியரில் இரண்டு பக்கமும் தொங்கும் பைகளில், மொத்தம் ஏழு எட்டு கிலோவுக்குள் அடக்குங்கள். துணிகளைத் தடித்த பிளாஸ்டிக் கவரில் சுற்றி வைத்தால் மழைக்குத் தனி உறை தேவையில்லை. கிளம்புவதற்கு முந்தைய வாரம் முழு மூட்டையோடு மாமல்லபுரம் வரை ஒருமுறை போய் வந்துவிட்டால், கேரியர் திருகு தளர்கிறதா, குதிகால் பையில் இடிக்கிறதா என்பதெல்லாம் தெரிந்துவிடும். தங்குவதற்கு நாகப்பட்டினம், வேளாங்கண்ணிப் பக்கம் அறைக்குப் பஞ்சமில்லை. முத்துப்பேட்டைக்கும் ராமநாதபுரத்துக்கும் நடுவே லாட்ஜ் குறைவு, போனில் பேசி வைத்துக்கொள்ளுங்கள். கேட்கும்போதே கீழ்த்தள அறை வேண்டும், சைக்கிளை உள்ளே வைக்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். வந்து நின்ற பிறகு சொன்னால்தான் மேலாளர்கள் யோசிப்பார்கள்.

திரும்பி வருவதையும் தயாரிப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள். ரயில் டிக்கெட்டை முன்பே எடுத்திருந்தால் சைக்கிளை அதே ரயிலில் லக்கேஜாகப் பதியலாம். பார்சல் அலுவலகத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகப் போய்விடுவது நல்லது. விளக்கு, பாட்டில், பம்பு எல்லாவற்றையும் கழற்றிப் பைக்குள் போடுங்கள். பின்பக்க கியரைப் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றினால் டெரெய்லர் உள்பக்கமாக ஒதுங்கி நிற்கும்; அதன்மேல் மளிகைக் கடை அட்டையைச் சுற்றிக் கயிற்றால் கட்டிவிடலாம். பெயர், கைபேசி எண், பிஎன்ஆர், இறங்கும் ஊர் நான்கையும் மார்க்கர் பேனாவால் எழுதிய அட்டையை ஒரு இடத்தில் மட்டும் கட்டாமல் இரண்டு இடத்தில் கட்டுங்கள். ஏற்றி இறக்குவதில் ஒன்று எப்படியும் பிய்ந்துவிடும்.